இரும்புக்கை மாயாவி சோறு போடுவாரா?



"சார், இந்த வருஷ மலருக்கு நீங்க கட்டாயம் ஏதாவது எழுதணும்" என்று மலர்க்குழுவினர் கேட்டதும், வழக்கம்போலக் கல்லூரி கேண்டீன், கட் அடித்த மேட்னி ஷோ, பரீட்சைக்கு முந்தின ராத்திரி என்று பழைய புராணம் பாடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன சந்திப்பு முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண்மணி என்னிடம் கேட்ட கேள்வி மனசைவிட்டு இறங்க மறுக்கிறது. அதற்குப் பதில் தேடப்போய், ஐம்பது வருடச் சரித்திரத்தையே கிளற வேண்டியதாகிவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் 1981-84 செட்டில் ஒருவன் இருந்தான். அவனை நாங்கள் கூப்பிட்ட பெயர் "மாயாவி". அட்டெண்டன்ஸ் எடுத்து முடிந்ததும் வகுப்பிலிருந்து மறைந்துவிடுவான் என்பது ஒரு காரணம். ரெக்கார்டு நோட்டுக்குள் எப்போதும் ஒரு முத்து காமிக்ஸ் இருக்கும் என்பது இன்னொரு காரணம். பிறகு இருவருக்கும் கல்பாக்கத்திலேயே வேலை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே பஸ், ஒரே டீக்கடை. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி என்றான். நிஜமாகவே மறைந்துவிட்டான்.

அவன் மனைவிதான் அன்று என்னிடம் கேட்டார்: "அண்ணா, வீட்டுல ரெண்டு டிரங்குப் பெட்டி நிறைய காமிக்ஸ் வச்சிருக்கார். 'இதெல்லாம் சொத்து, நான் இல்லேன்னாலும் சோறு போடும்'னு சொல்லிட்டே இருப்பார். பொண்ணுக்கு இது கடைசி வருஷம், ஃபீஸ் கட்டணும். அது நெஜமாவே சொத்துதானா?"

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிவகாசியில் பிறந்த வீரர்கள்

இன்றைய மாணவர்களுக்கு முதலில் கொஞ்சம் பின்னணி.

தமிழில் படக்கதை எங்கள் காலத்துக்கு முன்பே உண்டு. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் தமிழிலும் வந்தது. வேதாளரும் மாண்ட்ரேக்கும் அதன் நாயகர்கள். 1967-ல் அனந்த் பை அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். புராணமும் சரித்திரமும் என்பதால் வீட்டில் அதற்குத் தடை கிடையாது. அடி வாங்கித் தந்த புத்தகங்கள் வேறு!

1972-ல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைக் கொண்டுவந்தார். முதல் இதழே "இரும்புக்கை மாயாவி". மூலக்கதை லண்டனில் 1962 முதல் "வேலியண்ட்" என்ற வார இதழில் வந்தது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் லூயிஸ் கிராண்டேலுக்கு வலது கைக்குப் பதில் இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பெல்லாம் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். கதை அவ்வளவுதான். ஆனால் அது எங்களைப் படுத்திய பாடு! ஸ்விட்ச் போர்டில் விரலை விட்டு மறையப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று இந்தச் சங்கம் ஒரு கணக்கெடுப்பே நடத்தலாம்.

மாயாவியோடு லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ, ரிப் கிர்பி எல்லாம் வரிசையாக வந்தார்கள். லண்டனிலும் அமெரிக்காவிலும் பிறந்தவர்கள் சிவகாசி அச்சகத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

1984 என்னும் ஆண்டு

கல்பாக்கத்துக்காரர்களுக்கு 1984 மறக்க முடியாத ஆண்டு. ஜனவரியில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக ரீதியாக மின்சாரம் தர ஆரம்பித்தது. எங்கள் செட் டிகிரி முடித்து வெளியே வந்ததும் அதே ஆண்டுதான்.

தமிழ் காமிக்ஸுக்கும் அதுதான் பொன்னான வருடம். ஜூலை மாதம் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், சின்ன வயதிலேயே, லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் கதையில் மாடஸ்டி பிளைசி. பின்னால் ஸ்பைடர், இரும்பு மனிதன் ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர். அதே ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்டு கதையோடு. விலை ஒன்றரை ரூபாய், மாதம் இரண்டு இதழ். அது 500 இதழ்கள் கண்டு 2005-ல் நின்றுபோனது.

"ஊருக்குக் கரண்டும் வந்தாச்சு, மாயாவிக்கு இனி கஷ்டமில்லடா!" என்று நம்ம மாயாவி அப்போது அடித்த ஜோக் இன்னமும் காதில் இருக்கிறது.

லீவு நாளில் செங்கல்பட்டில் ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை கடையாக ஏறி இறங்குவோம். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீயில் எரிந்துபோனது. மறுநாள் பேப்பரைப் பார்த்துவிட்டு அவன் சாப்பிடவே இல்லை. "எத்தனை புக்கு எரிஞ்சிருக்கும்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அன்றிலிருந்துதான் சேர்ப்பதை ஒரு வைராக்கியமாகச் செய்ய ஆரம்பித்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அரிதானது எப்படி?

ஒரு பொருளுக்கு விலை ஏற வேண்டுமானால் இரண்டு விஷயம் தேவை. பொருள் குறைவாக இருக்க வேண்டும். கேட்கிற ஆள் நிறைய இருக்க வேண்டும்.

முத்து காமிக்ஸ் ஏன் குறைந்தது? யாரும் அதைச் சொத்தாக நினைக்காததால்தான்! வாடகை நூலகத்தில் நாளைக்குப் பத்துப் பைசா கொடுத்து வாங்குவோம். ஒரே புத்தகத்தை நாற்பது கை புரட்டும். முதலில் அட்டை போகும், அப்புறம் கடைசிப் பக்கம் போகும். வில்லன் பிடிபட்டானா இல்லையா என்பது தெரியாமலே வளர்ந்தவர்கள் நாங்கள். பரீட்சைக்கு முன்னால் அப்பா கண்ணில் பட்டால் புத்தகம் நேராகப் பழைய பேப்பர்காரர் தராசுக்கு. அங்கிருந்து பொட்டலமாகிக் கடலையோடு திரும்பி வரும். இப்படி அழிந்தது போக மிஞ்சியதுதான் இன்று "அரிய இதழ்".

கேட்கிற ஆள் யார்? அன்று பத்துப் பைசா இல்லாமல் ஏங்கிய அதே பையன்கள். நாற்பது, ஐம்பது வயதில் கையில் நாலு காசு சேர்ந்ததும், தொலைந்த பால்யத்தை விலை கொடுத்து வாங்கக் கிளம்பினார்கள். அதனால்தான் ஒன்றரை ரூபாய்ப் புத்தகத்துக்கு நூறு, இருநூறு என்றும், நல்ல நிலையிலுள்ள ஆரம்ப கால முத்து காமிக்ஸுக்குச் சில ஆயிரங்கள் என்றும் விலை சொல்கிற காலம் வந்தது.

இந்த இடத்தில்தான் நம்ம மாயாவி "சொத்து" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டான்.

அமெரிக்கக் கதை

அவன் மேல் தப்பில்லை. அமெரிக்காவிலிருந்து வருகிற செய்தி அப்படி.

சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய "ஆக்‌ஷன் காமிக்ஸ்" முதல் இதழ் 1938-ல் பத்து சென்ட்டுக்கு விற்றது. அதன் ஒரு பிரதி 2014-ல் 32 லட்சம் டாலருக்குப் போனது. இன்னொன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போனது. 2025 நவம்பரில் "சூப்பர்மேன்" முதல் இதழின் ஒரு பிரதி 91 லட்சம் டாலரைத் தாண்டியது. தாயார் இறந்தபின் கலிபோர்னியாவில் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்த மூன்று சகோதரர்கள் கண்டெடுத்த பிரதி அது. இதைப் படித்துவிட்டு நம் வீட்டுப் பரணை அண்ணாந்து பார்க்காதவர் யார்?

கணக்கு வாத்தியார் பாணியில் பார்ப்போம். பத்து சென்ட் 86 வருடத்தில் 60 லட்சம் டாலரானால், ஆண்டுக்குச் சுமார் 23 சதவீத வளர்ச்சி. எந்த பேங்கும் தராத வட்டிதான். ஆனால் அந்த முதல் இதழ் சுமார் 2 லட்சம் பிரதி அச்சானது. இன்று இருப்பது ஏறக்குறைய நூறு என்கிறார்கள். அதாவது 2,000 பிரதிக்கு ஒன்று. அந்த ஒன்றைத்தான் செய்தித்தாள் படம் போட்டுக் காட்டுகிறது. மிச்சம் 1,999-ஐ வாங்கியவருக்குக் கிடைத்தது பூஜ்யம். லாட்டரியில் பரிசு விழுந்தவரின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு லாட்டரியை முதலீடு என்று சொல்ல முடியுமா?

இன்னொரு அமெரிக்கக் கதை நம் ஊருக்கு வரவே இல்லை. இப்படி விலை ஏறுவதைப் பார்த்த ஜனங்கள் 1990-களின் தொடக்கத்தில் புதுக் காமிக்ஸைக் கட்டுக்கட்டாக வாங்கிப் பதுக்கினார்கள். 1991-ல் வந்த "எக்ஸ்-மென்" முதல் இதழ் ஒன்று மட்டும் 80 லட்சம் பிரதிக்கு மேல் விற்பனைக்குப் போனது. 1992-ல் சூப்பர்மேன் செத்துப்போகிற இதழைக் கறுப்பு உறையில் போட்டு விற்றார்கள். பலர் உறையைப் பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். என்ன ஆயிற்று? எல்லோர் வீட்டிலும் இருப்பதை யார் வாங்குவார்? சந்தை கவிழ்ந்தது, புத்தகக் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடின, 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது. பிரிக்கப்படாத அந்தக் கறுப்பு உறைகள் இன்றும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன.

படிப்பினை எளிது. யாருமே சேர்க்காதபோது சேர்த்தது விலை போயிற்று. எல்லோரும் சேர்த்தது குப்பையாயிற்று.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

1984-ல் ராணி காமிக்ஸ் ஒரு வருடத்துக்கு 24 இதழ் என்று வைத்தால் 36 ரூபாய். அப்போது 10 கிராம் தங்கம் சுமார் 2,000 ரூபாய். அந்த 36 ரூபாய்க்குக் குந்துமணித் தங்கம் வாங்கியிருந்தால், 10 கிராம் 70,000-ஐத் தாண்டிய 2024-ல் அது சுமார் 1,260 ரூபாய். புத்தகமாக வைத்திருந்து, ஒன்று நூறு ரூபாய் வீதம் விற்றால் 2,400. ஆகா, காமிக்ஸ் தங்கத்தை ஜெயித்துவிட்டதே!

பங்குச் சந்தையையும் பார்த்துவிடுவோம். மும்பைக் குறியீட்டெண் 1979-ல் 100. 2024 ஜூலையில் 80,000-ஐத் தாண்டியது. 800 மடங்கு. ஒன்றரை ரூபாய்ப் புத்தகம் அதற்கு ஈடுகொடுக்க 1,200 ரூபாய்க்குப் போக வேண்டும். சில இதழ் போகலாம். எல்லாமே போகுமா?

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. 1984-ல் ஒருவர் ஒரு லட்ச ரூபாயை இதில் "முதலீடு" செய்திருந்தால் 66,000 புத்தகத்துக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். எங்கே அடுக்குவது? கரையான், மழை, எலி, மாமியார் என்று நாலு பக்கமும் காவல் காக்க யார் இருக்கிறார்கள்? கடைசியில் 66,000 புத்தகத்தையும் வாங்க ஆள் எங்கே? ஆக, மடங்கு பெரிதாகத் தெரிகிறது, முதல் சிறிது. ஒன்றரை ரூபாய் இருநூறு ரூபாய் ஆவது அதிசயம்தான். ஆனால் இருநூறு ரூபாயில் கல்யாணம் நடக்காது.

தங்கத்தை எந்த அடகுக் கடையிலும் பத்து நிமிஷத்தில் பணமாக்கலாம். காமிக்ஸை நம்மைப் போன்ற இன்னொரு பைத்தியத்திடம்தான் விற்க முடியும். அந்த ஆளுக்கும் பணம் இருக்கணும், அந்த இதழ் அவரிடம் இல்லாமல் இருக்கணும். அமெரிக்காவில் 2000 முதல், காமிக்ஸின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டுத் தர ஒரு நிறுவனம் இருக்கிறது. நம் பக்கம் அப்படிப் பொதுவான மதிப்பெண் எதுவும் வேர் பிடிக்கவில்லை. விற்கிறவர் "சூப்பர் கண்டிஷன்" என்பார். வாங்குகிறவர் "பின் துருப்பிடிச்சிருக்கே" என்பார். விலை அந்த வாக்குவாதத்தில்தான் பிறக்கிறது.

உப்புக் காற்றும் ஓர் அலையும்

துரு என்றதும் நம் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது. கல்பாக்கத்தில் சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, டி.வி. ஆன்டெனா எதுவும் நாலு வருஷம் தாங்காது. காமிக்ஸின் நடுவிலே இருக்கிற ஸ்டேப்ளர் பின் எம்மாத்திரம்? பின் துருப்பிடிக்கும், துரு தாளில் இறங்கும், நடுப்பக்கம் கழன்று வரும். தாளோ மலிவான மரக்கூழ்த் தாள். அதிலிருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பாகும். கூடவே அமிலம் தாளை நொறுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மிச்சம் மீதியை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். அந்தக் கலிபோர்னியாப் பிரதி தப்பித்ததற்கு அந்த ஊரின் குளிர்ந்த தட்பவெப்பம் ஒரு முக்கியக் காரணம் என்றார்கள். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இதற்கெல்லாம் மேலே, 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. கல்பாக்கத்தில் அன்று இருந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருந்த அணுமின் அலகு பத்திரமாக நிறுத்தப்பட்டது; ஆனால் கடலோரக் குடியிருப்பில் புகுந்த தண்ணீர் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்துவிட்டது. தரைத்தளத்தில் இருந்த என் வீட்டில் கட்டிலுக்கடியில் வைத்திருந்த புத்தகப் பெட்டி, சேற்றுக் கட்டியாகத்தான் திரும்பக் கிடைத்தது. பக்கத்து வீடுகளில் நடந்ததைப் பார்த்த பிறகு அதற்காக அழ எனக்கு வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நம்ம மாயாவி மட்டும் கண்டுபிடித்துவிட்டான். அவன் வீடு மாடியில் இருந்ததால் பெட்டி தப்பியது. ஒரு வாரம் கழித்து வந்தான், ஒன்றும் பேசாமல் ஒரு புத்தகத்தை என் கையில் வைத்தான். என்னிடம் இருந்து போன அதே இதழ்; அவனிடம் இரண்டு பிரதி இருந்ததாம். பின்னால் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவனிடம் இரண்டாவது பிரதி எதுவும் இல்லை.

நோட்டுப் புத்தகம் சொன்ன உண்மை

சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினோம். மொத்தம் 386 புத்தகம். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த இதழ், எப்போது, யாரிடம், என்ன விலை என்று அவன் கையெழுத்தில் வரிசையாக இருந்தது.

நோட்டின்படி 325 புத்தகம் அவன் பையனாக இருந்தபோதும் வேலைக்குச் சேர்ந்த புதிதிலும் வாங்கியது. விலை எல்லாம் பைசாவிலும் ஒற்றை ரூபாயிலும். மீதி 61 புத்தகம் 2008-க்குப் பிறகு, "விலை ஏறும்" என்று நினைத்துச் சேகரிப்பாளர்களிடம் வாங்கியது. அந்த 61-க்கு மட்டும் கொடுத்தது 1,12,000 ரூபாய்! அவர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பி.எஃப். லோன் எதுக்கு எடுத்தார்னு எனக்கு இப்பதான் தெரியுது" என்று மருமகளிடம் சொன்னார். அந்த மருமகள் எதுவும் பேசவில்லை.

விற்க ஐந்து மாதம் ஆயிற்று. 386-ல் 24-ஐத்தான் ஆட்கள் விரும்பிக் கேட்டார்கள். கிடைத்த தொகை 46,000 ரூபாய். அதில் அவன் சிறுவயதில் வாங்கிய 11 புத்தகத்துக்கு 27,000. அவை அவனுக்கு அடக்க விலை இருபது ரூபாய்கூட இருக்காது. பின்னாளில் வாங்கிய 13 புத்தகத்துக்கு 19,000; அவற்றுக்கு அவன் கொடுத்திருந்தது 38,000. மீதி 48 புத்தகத்துக்குக் கேள்வியே இல்லை.

ஏன் இப்படி? வாங்க வந்தவர் ஒருவரே விளக்கினார்: "சார், 2015 வாக்குல சிவகாசியிலேயே பழைய மாயாவி, ஸ்பைடர் கதையெல்லாம் நல்ல பேப்பர்ல மறுபதிப்பா போட்டுட்டாங்க. கதை படிக்கணும்னு தேடினவங்க அதோட நின்னுட்டாங்க. இப்ப ஒரிஜினல்தான் வேணும்னு தேடறவங்க கொஞ்சம் பேரு. எங்களுக்கும் வயசாகுது." முத்து காமிக்ஸுக்கு 2022-ல் ஐம்பது வயது நிறைந்தது. அந்த முதல் இதழைப் படித்த பையன்கள் இன்று பென்ஷன் வாங்குகிறார்கள். நாளைக்கு அந்தப் பெட்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும். வாங்க வேண்டியவர்கள் மாயாவியைப் படிக்காத தலைமுறை. இதைப் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேர் மாயாவி படித்திருக்கிறீர்கள், கை தூக்குங்கள் பார்க்கலாம்!

ஆக, அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஆசைக்கு வாங்கியது அவனுக்கு லாபம் தந்தது. லாபத்துக்கு வாங்கியது நஷ்டத்தில் முடிந்தது. இது விதியின் விளையாட்டு அல்ல. ஆசைக்கு வாங்கும்போது விலை குறைவு, போட்டி இல்லை, படித்த சந்தோஷம் முழுக்க நமக்கு. லாபத்துக்கு வாங்கும்போது நமக்கு முன்னால் ஆசைப்பட்டவருடைய லாபத்தை நாம்தான் கொடுக்கிறோம்.

46,000 ரூபாயில் பெண்ணுக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்டியாயிற்று. அடுத்த செமஸ்டருக்கு எங்கள் செட் நண்பர்கள் சேர்ந்துகொண்டோம். கடைசியில் சோறு போட்டது புத்தகம் அல்ல, புத்தகத்தால் சேர்ந்த சிநேகிதம்.

தம்பிகளுக்கு நாலு வார்த்தை

1. பிடித்தால் வாங்குங்கள், படியுங்கள், பத்திரப்படுத்துங்கள். சம்பளத்தில் சேமிக்க வேண்டியதைத் தொட்டு வாங்காதீர்கள். கடன் வாங்கி வாங்கவே கூடாது.

2. "லிமிடெட் எடிஷன்", "கலெக்டர்ஸ் எடிஷன்" என்று அச்சிட்டு வருவது அரிது ஆகாது. எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். கறுப்பு உறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பசை பழுத்துத் தாளைத் தின்னும். தனித்தனி உறையில் போட்டு, தரையிலிருந்து உயரமாக, சுவரைத் தொடாமல் வையுங்கள். கடலோர வீடுகளில் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நிழலில் காற்றாட விடுங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் தாத்தா காலத்து வைத்தியம், இன்றும் கெடுதலில்லை.

4. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, என்ன கொடுத்தோம் என்று எழுதி வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மாயாவி நோட்டு எழுதினான்; சொல்லத்தான் இல்லை.

ஒரு வேண்டுகோள்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் எடைக்குப் போட்ட பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு கலையாமல் காப்பாற்றப்பட்டு, 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. இன்று தரமணியில் இருக்கிறது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய வருகிற எவரும் அந்தப் படியேறாமல் போக முடியாது. அதைத் துண்டு துண்டாக விற்றிருந்தால் கொஞ்சம் பணம் வந்திருக்கும். சேர்ந்தே இருந்ததால்தான் அது செல்வமாயிற்று.

நம்ம மாயாவியின் பெட்டியில் இன்னும் 362 புத்தகம் இருக்கிறது. அதில் பன்னிரண்டை, அப்பாவின் கையெழுத்து முதல் பக்கத்தில் இருப்பவற்றை மட்டும், அவன் மகள் எடுத்துக்கொண்டாள். "மீதியை நம்ம காலேஜ் லைப்ரரிக்கே கொடுத்துடலாம் அங்கிள். அப்பா கிளாஸுக்குப் போகலேன்னாலும் காலேஜுக்குப் போனார்தானே" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

350 புத்தகத்துக்குத் தேவை ஓர் இரும்பு அலமாரி, நல்ல உறைகள், ஒரு பட்டியல். சங்கத்தின் பொதுக்குழு இதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அலமாரிச் செலவில் பாதியை எங்கள் செட் ஏற்கும். பரணில் தூங்கும் பழைய காமிக்ஸ் உங்களிடம் இருந்தால், அடுத்த சந்திப்புக்கு வரும்போது எடுத்துவாருங்கள். மூர் மார்க்கெட்டில் எரிந்ததும் 2004-ல் கரைந்ததும் போக மிஞ்சியிருப்பது ஓர் இடத்தில் சேரட்டும்.

2004-க்குப் பிறகு அவன் என் கையில் வைத்த அந்த ஒற்றைப் பிரதியை இந்த வருடச் சந்திப்பில் நூலகரிடம் ஒப்படைக்கிறேன். அதற்கு என்ன விலை வரும் என்று இருவர் கேட்டுவிட்டார்கள். விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மீண்டும் சந்திப்போம்! வளர்க நம் கல்லூரி!

— 1981-84 இயற்பியல் பிரிவு மாணவன், கல்பாக்கம்